மஞ்சள் தண்ணீர் பட்ட முயல்கள்

வெங்கிடுசாமி தன் மனைவியின் அண்ணன் அர்த்தனாரிக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. மலையடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்குக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் அர்த்தனாரி, "தங்கச்சி புருசங்கிட்ட வட்டி வாங்கற பொழப்பு நமக்கு வேண்டாமுங்க" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிப் பெயர் வாங்கிய மனிதர். வட்டிக்குப் பதிலாக வெங்கிடுசாமியின் மானத்தை மாதம் தவறாமல் வசூல் செய்துகொண்டிருந்தார். ரூபாயாக வாங்கியிருந்தால் எவ்வளவோ மலிவாக முடிந்திருக்கும்.

கடன் வந்த வழியைக் கேட்டால் எவருக்கும் சிரிப்பு வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு மலை ஏறி வந்தான். எழுபது வளைவும் சுற்றி வந்த பிறகும் டை கசங்காமல் இருக்கிறதென்றால், அந்தக் கழுத்து வாழ்நாளில் ஒரு சுமையும் தாங்கியதில்லை என்று பொருள். வெங்கிடுசாமிக்கு அது அப்போது உறைக்கவில்லை. "பத்து ஜோடி முயல் வாங்குங்க சார். போடற குட்டியை எல்லாம் நாங்களே எடுத்துக்கறோம். மாசாமாசம் பணம்" என்றான் அவன். அந்த 'சார்' என்ற சொல்லில்தான் வெங்கிடுசாமி விழுந்தார். மலைமேல் அவர் ஊர் இருக்கும் வாழவந்தி நாட்டில் அதுவரை அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அர்த்தனாரியிடம் கைமாற்றாக வாங்கிய நாற்பத்திரண்டாயிரத்துக்கு இருபது வெள்ளை முயல்கள் வந்தன. கூடவே கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வந்தது. 'ஆண் பத்து, பெண் பத்து' என்று எழுதி, கீழே நீலத்தில் முத்திரை குத்தியிருந்தது. வெங்கிடுசாமி ஜோடி ஜோடியாகக் கூண்டில் விட்டார். அவை ஒன்றை ஒன்று கடித்துக் குதறியபோது, புருஷன் பெண்டாட்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். தேங்காய் நார் பரப்பிப் பெட்டி வைத்தார், முருங்கைக் கீரை ஒடித்துப் போட்டார், ஏழு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு குட்டி இல்லை. கம்பெனிக்காரன் போனும் எடுக்கவில்லை. கடைசியில் செம்மேட்டிலிருந்து வந்த கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். பாதியில் எழுந்து வெளியே போய் நின்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்து மீதியையும் பார்த்தார். பதினேழு ஆண். மூன்றே மூன்று பெண். அந்த மூன்றும் கிழடு.

மலையில் விஷயம் பரவ பஸ் வேண்டியதில்லை. அன்றிலிருந்து கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே பார்த்தாலும் அர்த்தனாரி பந்திக்கு நடுவில் குரலை உயர்த்துவார்.

"ஏன் மாப்ள, கெடா மொசலு குட்டி போட்டுருச்சா?"

பந்தி முழுவதும் சிரிக்கும். கடன்பட்டவன் பதில் பேச முடியாது. வெங்கிடுசாமியும் இலையைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒன்றரை ஏக்கர் கரட்டுப் பாறையைக் கடப்பாரையால் நெம்பிப் போட்டு, சில்வர் ஓக் மரம் வைத்து மிளகுக்கொடி ஏற்றிவிட்ட மனிதர் அவர். ஒருவரிடமும் கைகட்டி நின்றதில்லை. அப்படிப்பட்டவரைத் தராசில் மூட்டை நிறுத்தே வயிறு வளர்த்த ஒரு மண்டிக்காரர் ஆறு வருஷம் இலையைப் பார்க்க வைத்தார். மிளகுப் பணம் வீட்டுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் சரியாகப் போனது. கடன் மட்டும் பாறை மாதிரி அப்படியே கிடந்தது. இனி அவர் வாழ்க்கையில் ஆக வேண்டிய காரியம் ஒன்றுதான்: அந்த நாற்பத்திரண்டாயிரத்தைத் தூக்கிப் போட்டு அந்த வாயை மூட வேண்டும்.

அப்போதுதான் அதே மலையில் இருக்கும் தேவனூர் நாட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. அங்கே மருந்து ஆராய்ச்சிக்காக முயலும் எலியும் வளர்த்துக் கொடுக்கும் தனியார் பண்ணை ஒன்று உண்டு. முயலுக்கு வெயில் ஆகாது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளும் என்று இங்கே வந்து கட்டியிருந்தார்கள். ஆராய்ச்சி விலங்குகளைப் பராமரிக்கும் வேலைக்கு மூன்று மாதச் செய்முறைப் பயிற்சி, மாதம் ஆறாயிரம் உதவித்தொகை, தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் பண்ணையிலேயே நிரந்தர வேலை. எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள். மறந்தது அவர்கள் தப்பு என்று வெங்கிடுசாமி ஐம்பத்தொரு வயதில் விண்ணப்பம் எழுதினார்.

மனைவி ராமாயி காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, போன பொறப்புல மொசலு உங்களுக்கு மாமியாளா இருந்துச்சா? உடவே மாட்டேங்குதே."

"உங்கண்ணன் வாயை மூடோணும்ல?"

"அதுக்கு மொசலுதான் கெடச்சுதா?"

"எதுல உழுந்தனோ அதுலதான் எந்திரிக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

பயிற்சிக்கு மொத்தம் பன்னிரண்டு பேர். அவரைத் தவிர மற்றவர்களுக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது, அல்லது முளைக்கவே போவதில்லை. சொல்லிக் கொடுக்க வந்தவர் ஜெசிந்தா என்ற கால்நடை டாக்டர். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது, ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் சொல்லமாட்டார். மேற்பார்வைக்குத் தேவராஜ் என்று ஒருவர். சேலத்துக்காரர், இரண்டு பட்டம் வாங்கியவர். சிலருக்குப் படிப்பு என்பது சட்டைப் பையில் குத்திய பேனா மாதிரி. அதைக் கொண்டு எழுதவும் மாட்டார்கள், எடுத்துக் கீழே வைக்கவும் மாட்டார்கள். எலிக் கூண்டைத் தூக்கச் சொன்னால் கையுறைக்கு மேல் கையுறை மாட்டி, கூண்டைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். அறையின் வெப்பநிலையை நாளுக்கு இரண்டு தரம் பார்த்துப் பட்டியலில் எழுத வேண்டும். தேவராஜ் திங்கட்கிழமையே வியாழன் வரைக்கும் எழுதிவிடுவார். நாளைய வெயிலை இன்றைக்கே அறிந்த ஞானி.

முதல் நாள் டாக்டர், "யாராவது முயலைப் பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பொடிசுகள் முழித்தன. வெங்கிடுசாமி இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் போனார். கூண்டைத் திறந்தார், இரண்டு காதையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்து முயலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"கீழ வைங்க" என்றார் டாக்டர். "உங்க காதைப் பிடிச்சு உங்களை நான் தூக்கலாமா?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். வெங்கிடுசாமிக்குக் காது இரண்டும் சூடேறியது. சின்னப் பெண்ணிடம் பேச்சு வாங்கினோமே என்று அப்படியே வாசலைப் பார்த்து நடந்திருப்பார். ஆனால் வாசலுக்கு அந்தப்பக்கம் அர்த்தனாரியின் கேலி காத்திருந்தது. நின்றார்.

டாக்டர் செய்து காட்டினார். ஒரு கையால் பிடரித் தோலை இலேசாகப் பற்ற வேண்டும். மறு கையைப் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து முழுக் கனத்தையும் அந்தக் கையில் வாங்க வேண்டும். தலையைக் கக்கத்துக்குள் செருகினால் முயல் இருட்டு என்று நினைத்து அடங்கிவிடும். பின்கால் தொங்கினால் உதைக்கும். உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். கம்பவுண்டர் வந்துபோன பிறகு அந்த இருபது முயலில் இரண்டு பின்பக்கம் இழுத்துக்கொண்டு செத்தது ஏன் என்று வெங்கிடுசாமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அப்போது எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஆண் பெண் பார்க்கும் பாடம் வந்தது. குட்டியை மல்லாத்தி மடியில் வைத்து, வாலுக்கு முன்னால் இரண்டு விரலால் இலேசாக அழுத்தினால் தெரிந்துவிடும்; வட்டமாக எழும்பினால் ஆண், நீளமாகப் பிளந்தால் பெண். கால் நிமிட வேலை. மற்றவர்கள் ஆளுக்கு நாலு பார்த்துவிட்டு டீக்குப் போய்விட்டார்கள். வெங்கிடுசாமி அறுபது குட்டிகளைப் பார்த்தார். கூடப் படித்த சுஜிதா என்ற பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் மாமா, மொசலுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"ஆமா கண்ணு. ஆறு வருசத்துக்கு முன்னால பாத்திருக்கோணும்."

கால் நிமிடம். கால் நிமிட வேலை தெரியாததால் ஆறு வருஷம் இலையைப் பார்த்துச் சோறு தின்றிருக்கிறார். அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் அந்த டைக்காரனை மனசுக்குள் வைத வசவுகளை அச்சில் ஏற்ற முடியாது.

அதற்குப் பிறகு மனிதர் வேலையில் இறங்கினார். எலி அறைக்குப் போய்வந்தவர் குளிக்காமல் முயல் அறைக்குள் நுழையக் கூடாது என்றால் நுழையமாட்டார். உமியை நீராவியில் வேகவைத்துத்தான் கூண்டில் பரப்ப வேண்டும் என்றால் வேகவைத்துத்தான் பரப்புவார். தலைக்கு எண்ணெய் வைத்து வரக் கூடாது என்றார் டாக்டர். ஐம்பது வருஷம் எண்ணெய் கண்ட தலை காய்ந்த புல்லாகி நின்றது. மீசைக்காரப் பொடிசுகளோ முகத்துக்குப் பவுடரும் சட்டைக்கு செண்ட்டும் அடித்துக்கொண்டு வந்து, முயல் தும்முகிறது என்று டாக்டரிடம் புகார் சொன்னார்கள்.

இரண்டாம் மாதம் டாக்டர் ஒரு தீவனச் சோதனை தொடங்கினார். ஒரே வயதுள்ள இருபத்து நாலு வெள்ளைக் குட்டிகள்; பன்னிரண்டுக்குப் பழைய தீவனம், பன்னிரண்டுக்குப் புதுசு; ஒவ்வொன்றும் தனிக் கூண்டில். சனிக்கிழமை தோறும் எடை போட்டு எழுத வேண்டும். வழக்கமாகக் காதில் எண் குத்துவார்கள். குத்துகிற கருவி பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்ததால், இந்தத் தடவை மஞ்சள் சாயத்தால் உடம்பில் புள்ளி வைத்தார்கள். தலையில் புள்ளி என்றால் ஒன்று, கழுத்தில் என்றால் இரண்டு, முதுகில் மூன்று, இப்படியே வால் வரைக்கும். சோதனை முடிகிறவரை எந்த முயல் எது என்பது மாறவே கூடாது. மாறினால் அத்தனை நாள் வேலையும் குப்பை.

உதைக்கும் இருபத்து நாலு குட்டிகளைத் தூக்கி எடை போடப் பொடிசுகளுக்கு மனமில்லை. வேலை வெங்கிடுசாமி தலையில் விழுந்தது. அவருக்கு அது சுமையாகத் தெரியவில்லை. நாலாவது வாரத்தில் புள்ளியைப் பார்க்காமலே அவருக்கு ஆள் தெரிந்தது. ஏழு பல்லை நறநறக்கும். பதினொன்று தூக்கினதும் மடியில் மூத்திரம் விடும். பதினாறுக்கு இடது பின்கால் நகம் வளைந்திருக்கும். இருபது மணிக்கட்டை நக்கும். மிளகுக்கொடி எண்பதில் எது எந்த மரத்தில் எப்போது ஏறியது என்று சொல்லக்கூடிய மனிதருக்கு இருபத்து நாலு முயல் ஒரு கணக்கா?

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பொங்கல் வந்தது. டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை சான்றிதழ். மாட்டுப் பொங்கலன்று பண்ணையில் இருந்தவர்கள் வெங்கிடுசாமி, சுஜிதா, இன்னும் இரண்டு பேர், அப்புறம் இரண்டு பட்டம் வாங்கிய அந்த மேற்பார்வையாளர். தேவராஜுக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனை உதிப்பது அவருக்கு அபூர்வம். அதனால் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை.

"வெங்கிடுசாமி, இன்னைக்கு நம்ம முயலுக்கெல்லாம் பொங்கல் வெச்சா என்ன? எல்லாத்தையும் ஒரே பட்டியில விட்டு, நீங்க சடங்கு பண்ணுங்க. நான் வீடியோ எடுத்து முதலாளி குரூப்ல போடறேன். மனுசன் அசந்துருவார்."

வெங்கிடுசாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அன்றைக்குப் பட்டியில் நிற்கிற உயிருக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் விடுவது அவருக்குத் தெரிந்தவரை பாவம். வீட்டு மாட்டுக்குத் தெளிக்க ராமாயி இருந்தாள்; இவற்றுக்கு யார் இருக்கிறார்கள்? குண்டாவில் மஞ்சளைக் கரைத்தார், மாவிலைக் கொத்தை ஒடித்தார். இருபத்து நாலு குட்டியையும் கம்பி வேலிக்குள் ஒன்றாக விட்டார்கள். கொத்தை முக்கி முக்கி, "பொங்கலோ பொங்கல்! பட்டி பெருகோணும்!" என்று தலை முதல் வால் வரை தெளித்தார். முயல்கள் சிலிர்த்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. தேவராஜ் போனை உயரப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

முதலில் வாயை மூடிக்கொண்டது சுஜிதா.

"மாமா… புள்ளி?"

வெங்கிடுசாமி குனிந்து பார்த்தார். எல்லா முயலின் எல்லா இடத்திலும் மஞ்சள் புள்ளி.

குண்டாவைக் கீழே வைத்தார். தேவராஜின் முகம் வெளுத்தது. ஆனால் அவருக்கு நிறம் திரும்ப அதிக நேரம் பிடிக்கவில்லை.

"இருபத்து நாலு முயல், இருபத்து நாலு கூண்டு. கணக்கு சரியா இருக்கில்ல? எதுல எதைப் போட்டா என்ன? துடைச்சுட்டு மறுபடியும் புள்ளி வெச்சுருங்க. முயலா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

வெங்கிடுசாமி துண்டை எடுத்தார். தைமாதக் குளிரில் நனைந்த முயல் சளி பிடித்துச் சாகும். ஒவ்வொன்றாகத் துவட்டினார். துவட்டும்போதே கை பேசியது. இது ஏழு. இது பதினாறு. இது இருபது. பத்தொன்பது முயல்கள் தத்தம் கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்து மிச்சம் நின்றன. அந்த ஐந்தும் சாதுவானவை. உதைத்ததும் இல்லை, நக்கியதும் இல்லை. மறுபடி மறுபடி தூக்கிப் பார்த்தார். தெரியவில்லை.

"போடுங்களேன் ஏதாச்சும் ஒண்ணுல!" தேவராஜ் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் 'அடையாளம் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. வேலை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். "இங்க ஒரு கையெழுத்து."

"தெரியாததைத் தெரியும்னு எப்படீங்க போடறது?"

"இங்க பாருங்க. மஞ்சள் தெளிச்ச கை யாரோடது? வீடியோவுல என் முகம் இருக்கா? உங்க முகம்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் வேணுமா வேண்டாமா? ஐம்பத்தொரு வயசுல உங்களுக்கு இதை விட்டா வேற யாரு வேலை குடுப்பா? நாளைக்குள்ள போடுங்க."

வெங்கிடுசாமி ஐந்தையும் கூண்டில் போட்டார்; எது எதென்று தெரியாததால் அந்தக் கூண்டுகளின் எண் அட்டையை மட்டும் திருப்பி வைத்தார். பதிவேட்டை அப்படியே விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தார்.

வீட்டில் பொங்கலுக்கு வந்திருந்த அர்த்தனாரி கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் போன். அதில் வெங்கிடுசாமியின் குரலே கேட்டது: பொங்கலோ பொங்கல், பட்டி பெருகோணும். எந்தக் குரூப்பிலிருந்து எந்தக் குரூப்புக்குத் தாவி அவர் கைக்கு வந்ததோ.

"வாங்க மாப்ள! கெடா மொசலுக்குப் பொங்கலே வெச்சுட்டீங்க போல. வளைகாப்பு எப்பன்னு சொல்லுங்க, சீரோட வாரேன்."

ராமாயி, "சும்மா இருண்ணா" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வெங்கிடுசாமிக்குத் தாங்கவில்லை.

பின்கட்டில் போய்க் கை கழுவினார். மஞ்சள் போகவில்லை. ஒரு கையெழுத்து. போட்டால் வெள்ளிக்கிழமை சான்றிதழ், பிறகு வேலை, ஒன்றேகால் வருஷத்தில் இந்த மண்டிக்காரரின் வாய் மூடும். ஐந்து முயல் மாறினால் யார் குடி முழுகும்? நாளைக்குப் போய்ப் போட்டுவிடுவது என்று துணிந்தேவிட்டார். கை துடைக்கத் துண்டு தேடி உள்ளே வந்தவர் கண்ணில் பரணில் கிடந்த அந்தப் பழைய நோட்டு பட்டது. எடுத்து விரித்தார். ஆண் பத்து, பெண் பத்து. எழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதியவனுக்குக் கை நடுங்கவே இல்லை. அவனும் ஒரு கூண்டுக்கு ஒன்று என்று எதையோ பிடித்துப் போட்டுவிட்டு, கணக்கு சரி என்று முத்திரை குத்தியிருப்பான். முயலா வந்து சாட்சி சொல்லப்போகிறது என்று இரண்டு பட்டம் வாங்காமலே அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

வெங்கிடுசாமி நோட்டை மறுபடி பரணில் எறிந்தார். மறுநாள் வேலைக்குப் போனார், கையெழுத்துப் போடவில்லை. தேவராஜ் முறைத்தார். வெங்கிடுசாமி அவரை, வழியில் கிடக்கும் ஈரச் சாணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, சுற்றிக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை டாக்டர் வந்து இறங்கியதும், தேவராஜ் வாயைத் திறக்கும் முன்னால் வெங்கிடுசாமி போய் நின்றார்.

"அம்மா, தப்பு பண்ணிப்போட்டேனுங்க. மாட்டுப் பொங்கலுக்கு எல்லாத்தையும் ஒண்ணா உட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டேன். புள்ளி போயிருச்சு. பத்தொம்பது எதுஎதுன்னு எனக்குத் தெரியுமுங்க. அஞ்சு தெரியாதுங்க."

"எங்கிட்ட யாரும் கேட்கலைங்க மேடம். இவரா பண்ணிட்டார்" என்றார் தேவராஜ்.

"வீடியோ எடுத்தது ஆரு, மொசலா?" என்றாள் சுஜிதா பின்னாலிருந்து.

டாக்டர் இருவரையும் பார்க்கவில்லை. "பத்தொன்பது தெரியும்னு எப்படிச் சொல்றீங்க?"

"கைக்குத் தெரியுமுங்க."

"கைக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியணுமே."

பத்தொன்பது முயலின் காதுக்குள்ளும் பேனாவால் பொடியாக ஒரு குறி எழுதினார். ஒவ்வொன்றையும் காது மூடத் துண்டில் சுற்றி, கலைத்துக் கலைத்துக் கொண்டுவரச் சொன்னார். வெங்கிடுசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மடியில் வைத்ததைத் தடவிப் பார்த்து எண்ணைச் சொன்னார். டாக்டர் எடை போட்டுப் போன சனிக்கிழமைப் பதிவோடு ஒப்பிட்டார். எல்லாம் ஒத்து வந்தது. மறுபடி கலைத்தார். மறுபடியும் கேட்டார். இரண்டு மணி நேரம் ஆனது. பதினொன்று இரண்டு தடவையும் அவர் மடியை நனைத்தது. இரண்டு தடவையும் ஒரு பதில்கூட மாறவில்லை.

தேவராஜ் வெப்பநிலைப் பட்டியலைப் புரட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அன்றைக்கும் மறுநாளைக்கும் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"பத்தொன்பது சோதனையில இருக்கும். அஞ்சை நீக்கறேன்" என்றார் டாக்டர். பதிவேட்டில் முழுப் பக்கம் எழுதினார்: நடந்தது என்ன, தெளித்தது யார், வந்து ஒப்புக்கொண்டது யார், வீடியோ எடுத்தது யார். பிறகு வெங்கிடுசாமியை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னதுக்கு நன்றி. ஆனா அடையாளத்தை அழிச்சது நீங்க. இந்தத் தடவை சான்றிதழ் கிடையாது. இன்னும் ஒரு மாசம் பயிற்சி. உதவித்தொகை வராது. வர்றீங்களா?"

பாராட்டி மாலை போடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் அவருக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். கொஞ்சம் வரத்தான் செய்தது. ஆனாலும் மூன்று மாதத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் கேட்ட பேச்சிலேயே நேரான பேச்சு அதுதான்.

"வாரேனுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு பொடிசுகளும் சான்றிதழ் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் அடுத்த மாதமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தேவராஜுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறவர்களுக்கு உலகம் தெரியாது. முதலாளிக்கு வீடியோ மிகவும் பிடித்துப்போயிருந்தது. டாக்டர் எழுதிய பக்கத்தை அவர் படித்தாரோ இல்லையோ, தேவராஜ் தலைமை அலுவலகத்துக்கு மேனேஜராகப் போய்ச் சேர்ந்தார். எதற்கு மேனேஜர்? தரக் கட்டுப்பாட்டுக்கு.

வெங்கிடுசாமி ஒரு மாதம் சம்பளமில்லாமல் கூண்டு கழுவினார். டாக்டர் ஒவ்வொரு பாடத்தையும் திரும்ப வைத்துத் தேர்வு பார்த்தார். மாசியில் சான்றிதழ் வந்தது. பங்குனியில் வேலைக்குச் சேர்ந்தார். மிளகுப் பணம் வீட்டுக்கு, பண்ணைச் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் கடனுக்கு என்று ஒதுக்கினார். ராமாயி புடவை கேட்ட மாதம்கூட அதைத் தொடவில்லை. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் காதைப் பிடித்து முயலைத் தூக்கினால் இப்போது அவர்தான் அதட்டுவார். டாக்டர் சொன்ன அதே வாக்கியத்தை, அது தன்னுடைய சொந்தச் சரக்கு என்பதுபோலவே சொல்வார்.

பதினாலு மாதம் கழித்து, சோளக்காட்டுச் சந்தையில் அர்த்தனாரி இரண்டு மிளகு வியாபாரிகளோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெங்கிடுசாமி நேராகப் போய் முன்னால் நின்று, சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் பையை எடுத்தார்.

"மச்சான், கையை நீட்டுங்க."

அர்த்தனாரி பையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். குரல் இறங்கியது. "ஊட்டுல வந்து குடுக்கலாமுல்ல மாப்ள? சந்தையில எதுக்கு?"

"ஆறேழு வருசமா ஊட்டுலயாங்க கேட்டீங்க? சபையிலதான கேட்டீங்க."

வியாபாரிகள் இருவரும் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள். காய்கறிக்காரி ஒருத்தி தராசைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"சரி, குடுங்க. நம்மளுக்குள்ள எண்ணிக்கிட்டு என்ன…" அர்த்தனாரி பணக்கட்டை அப்படியே வாங்கிப் பைக்குள் போடக் கை நீட்டினார்.

வெங்கிடுசாமி கட்டைக் கொடுக்கவில்லை. "விரிச்சுப் புடிங்க மச்சான். மண்டிக்காரருக்கு எண்ணாம வாங்கற பழக்கம் எப்பிருந்து?"

வியாபாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். அர்த்தனாரி சிரிக்கவில்லை. வலது கையை விரித்தார். வெங்கிடுசாமி ஒவ்வொரு ஐந்நூறு ரூபாய்த் தாளாக, முயலைத் தூக்கும் நிதானத்தோடு எடுத்து, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தார். நாற்பதுக்கு மேல் கட்டு சரியப் பார்த்தது. இடது கையையும் அடியில் கொடுத்துத் தாங்கச் சொன்னார். அர்த்தனாரி தாங்கினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. வெங்கிடுசாமி அவசரப்படவில்லை. எண்பதைத் தாண்டிக் கடைசித் தாள்களுக்கு வந்தபோது குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"எண்பத்து ரெண்டு. எண்பத்து மூணு. எண்பத்து நாலு."